அறுபத்தெட்டுக் கவலை விதைகள்

பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஹஸீபா மூச்சு விடுவதில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்துவார். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். முக்காட்டின் முனையை மூக்குக்கு மேல் ஏற்றிக் காதோரம் செருகிக்கொள்வார். அப்புறம்தான் கத்தரிக்கோலைத் தொடுவார். காட்டுக் கவலை என்ற கிழங்குக்கொடியின் விதை அப்படிப்பட்டது. வெங்காயச் சருகில் பழுப்பு மையால் பொட்டு வைத்தது போல் இருக்கும். பொட்டுதான் விதை, சருகு அதன் இறகு. மேசைக்கு எதிரே யாராவது தும்மினால் ஒரு வருஷத்துச் சேகரிப்பு அலமாரிக்கு அடியில் போய்விடும்.

இது தெரியாமல்தான், அவரைப் பற்றி எழுதப் போயிருந்த நான் முதல் நாள் கதவைத் திறந்துவிட்டேன். ஜூன் மாதம், சாரல் தொடங்கிய இரண்டாம் நாள். குற்றாலத்துக் காற்று என்னோடு சேர்ந்து அறைக்குள் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு, பல்லிடுக்கில், "கதவு" என்றார். சாத்தினேன். கைகளை எடுத்துவிட்டு எண்ணினார். "எழுபது" என்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"இதுல ஒண்ணு கொறஞ்சிருந்தா உங்கள இங்கனயே குனிய வெச்சுத் தேட விட்டுருப்பேன்" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று அவர் எண்ணிக்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிடச் சொல்லி உத்தரவான விதைகளை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஓர் அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய வீட்டின் பின்கட்டில் இருக்கிறது அந்த விதைக் காப்பகம். இரண்டு அறைகள், ஒரு ஃப்ரீசர், சுவர் நீளத்துக்கு மேசை. மலையில் விளையும் காட்டுச் செடிகளின் விதைகளைச் சேகரித்து, உலர்த்தி, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஹஸீபா பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே பெருக்கித் துடைக்க வந்தவர். ஒருநாள் குப்பை முறத்தைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக ஒரு காகிதத்தில் பதினேழு விதைகளை வகை பிரித்துக் கொண்டுவந்து பொறுப்பாளர் முன்னால் வைத்தார். "இதெல்லாம் தரையில கெடந்துச்சு மேடம். வேணுமா?" மறுவாரம் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு இடுக்கியைக் கொடுத்தார்கள்.

இப்போது நாற்பத்துநாலு வயது. அப்பா தறி நெய்தவர். கணவர் முகம்மது சலீம் சவூதியின் தம்மாமில் டயர் கடையில் இருக்கிறார், தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "என்ன, எத்தன முழிச்சிருக்கு?" என்று விசாரிப்பார். அவர் கேட்பது பிள்ளைகளை அல்ல. ஹஸீபாவின் கைப்பையில் பணம், சாவி, ஈரப்பதம் காட்டும் தீப்பெட்டி அளவு மீட்டர் மூன்றும் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டிலும் அதை வெளியே எடுத்துப் பார்ப்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்டேன். "ஆமா, பாத்தேன். மண்டபம் எண்பத்தொண்ணு. எல்லாம் பிரியாணி ஆவி" என்றார். விதை செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். "எந்திரிக்கலன்னு சொல்லுங்க. போயிருச்சுன்னு வேணா சொல்லுங்க. அந்தச் சொல்லு வேண்டாம்."

எழுபது விதைகளின் கதை இது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலைச்சரிவில் பளியர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கிருக்கும் தங்கத்தாய் என்ற பெண்மணி ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிப்பை நிறையக் கவலைக் காய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். காட்டில் கவலைக்கிழங்கு பல தினுசு. இது சாம்பல் தோல் கொண்ட தினுசு. தோண்டிய அன்றே வேக வைத்துத் தின்னலாம், நாக்கு அரிக்காது. ஒரே ஒரு சரிவில்தான் கிடைத்தது. காப்பகத்தில் வழக்கப்படி விதைகளைப் பிரித்து, இரண்டு வாரம் உலர்த்தி, உறையிலிட்டு ஃப்ரீசரில் வைத்தார்கள். மொத்தம் இருநூற்று நாற்பது விதை.

பிறகு ஒரு டிசம்பர் மழையில் அந்தச் சரிவு முழுவதும் மரங்களோடு ஓடைக்குள் இறங்கிவிட்டது. தங்கத்தாயும் அவருடைய ஆட்களும் இரண்டு வருஷம் தேடியதில் அந்தத் தினுசில் இரண்டே கொடிகள் அகப்பட்டன. இரண்டும் ஆண். கவலையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண் இல்லாமல் காயில்லை, விதையில்லை. அப்போதுதான் ஃப்ரீசரில் இருக்கும் உறையை எல்லோரும் நினைத்தார்கள். முதலில் ஐம்பது விதையை ஈரத்தாளில் வைத்துப் பார்த்தார்கள். முளைக்கவில்லை. அடுத்து அறுபதை, உறங்கும் விதைகளை எழுப்பும் மருந்தில் நனைத்து வைத்தார்கள். கவலை சேர்ந்த வள்ளிக்கிழங்குக் குடும்பத்தில் சிலவற்றை அந்த மருந்து இன்னும் ஆழமாக உறங்க வைக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. மூன்றாவது முறை இன்னொரு அறுபது. அதிலும் ஒன்றுகூட இல்லை.

காப்பகத்தின் பொறுப்பாளர் உமாதேவி. தாவரவியலில் முனைவர், ஆலங்குளத்துப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்று நான் ஓரமாக உட்கார்ந்திருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"எண்ணியாச்சா?"

"எழுபது இருக்கு மேடம். எனக்கு ரெண்டு வேணும். வெட்டிப் பாக்கணும்."

"ஹஸீபா, ரூல் ரெண்டு டெஸ்ட்தான் சொல்லுது. நான் மூணு குடுத்தேன். நூத்தி எழுபது விதையில ஒண்ணுகூட வரல."

"வரல. ஆனா அழுகவும் இல்லையே. போன விதைய ஈரத்துல வெச்சா பத்து நாள்ல பூசணம் பூத்து மெத்துமெத்துன்னு ஆயிரும். இது ஒன்றரை மாசம் கெடந்தும் நகத்துக்கு எதுத்து நிக்கி."

உமாதேவி பேசாமல் நின்றார். ஹஸீபா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். இரண்டு விதைகளை இடுக்கியில் பிடித்து, சவர பிளேடால் குறுக்கே அறுத்து, லென்சுக்கு அடியில் தள்ளினார். உள்ளே பால்வெள்ளை, ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்குக் கரு, நிறம் மங்காமல்.

உமாதேவி நெடுநேரம் பார்த்தார். "வெள்ளையா இருக்கதெல்லாம் உயிரோட இருக்குன்னு அர்த்தமில்ல. ரிப்போர்ட்ல உயிரற்றவைன்னு போட்டாச்சு. அங்க பாருங்க, நாப்பது வகை ஃப்ரீசர்ல எடமில்லாம வெளிய காத்துக் கெடக்கு. அதுல எது போனாலும் நாமதான் பொறுப்பு. அக்டோபர்ல தலைமை ஆபீஸ்ல இருந்து வந்து ஒவ்வொரு உறையா பாப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அழிச்சு, கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேசையில் மீதி அறுபத்தெட்டு.

அன்று சாயங்காலம் ஹஸீபா மொட்டைமாடிக்குப் போனார். தங்கத்தாயின் குடியிருப்புக்கு அங்கிருந்துதான் போன் கிடைக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குனிந்து நின்று ஸ்பீக்கரில் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, அந்தச் சாம்பக் கவல காட்டுல எப்ப மொளைக்கும்?"

"தை கடைசில காய் வெடிக்கும். வெத பறந்து சருகுல விழுவும். கோட பூராவும் அங்கனதான் கெடக்கும். வைகாசில இடிமழை பேஞ்ச பொறவு தல தூக்கும்."

"மாசியில மழை பேஞ்சா?"

தங்கத்தாய் யோசிப்பது காற்றின் இரைச்சலாகக் கேட்டது. "ஒருக்கா பேஞ்சிருக்கு. நல்ல மழை. ஆனா அப்ப ஒண்ணும் மொளைக்கல. வைகாசிலதான் வந்துது. கோட காயாம அது எந்திரிக்காது தாயி."

ஹஸீபா போனை அணைத்துவிட்டு ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"காய் வெடிச்ச பதினஞ்சாம் நாளு நாங்க ஃப்ரீசர்ல போட்டுட்டோம்" என்று மெதுவாகச் சொன்னார். "மைனஸ் இருவது. அதுக்குள்ள நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. ஆறு வருஷம் ஆச்சுன்னு நாமதான் எண்ணுதோம். அதுக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் ஆவுது. கோடையே காணாத புள்ளைய எந்திரி எந்திரின்னா அது எப்பிடி எந்திரிக்கும்?"

மறுநாள் உமாதேவியிடம் இதையே சொன்னார். உமாதேவி முழுதாகக் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே சாரல் புகைபோல் போய்க்கொண்டிருந்தது. "எங்க வெச்சு கோட காட்டுவீங்க? இந்த ரூம்ல எண்பத்தஞ்சு சதம் ஈரம். வெளிய எடுத்தா ரெண்டு வாரத்துல பூசணம். சிலிக்கா டப்பால வெச்சா எலும்பா காஞ்சு திரும்ப உறங்கும். உங்க யோசனை சரியாவே இருக்கலாம். ஆனா இதுக்கு ஒரு முடிவு எழுதியாச்சு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஹஸீபா அறுபத்தெட்டு விதைகளை இரண்டாகப் பிரித்தார். முப்பத்துநாலைப் புது உறையிலிட்டு ஃப்ரீசரின் அடித்தட்டில், பெயர் எழுதாமல் வைத்தார். மீதியை இரண்டு காகித உறைகளில் பதினேழு பதினேழாகப் போட்டு, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் இறக்கினார். பதிவேட்டில் அழித்தவர் கையெழுத்து என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தார், எடுத்துவிட்டார்.

"போடல" என்றார் என்னிடம். "ஒளிச்சு வைக்கது தப்புதான், அதுக்குப் பதில் சொல்லிக்கிடுவேன். பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அஸர் தொழுகைக்கு எப்பிடிப் போய் நிக்க?" கொஞ்சம் கழித்து, "இத இப்ப எழுதாதீய" என்றார். எழுதவில்லை.

தூக்கு போன இடம் திருவேங்கடம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாட்களில் அங்கே கரிசல் வெடித்துக் கிடக்கும்; காற்றில் ஈரம் இருக்காது. சலீமின் தங்கை அலிமா அங்கேதான் குடியிருக்கிறாள். மிளகாய் வற்றலும் வெங்காயமும் போட்டு வைக்கும் பரணில், கயிற்றில் இரண்டு உறைகளையும் தொங்கவிட்டார்கள். ஈரம் காட்டும் மீட்டரையும் பக்கத்தில் கட்டினார் ஹஸீபா. நூறு நாள் என்று கணக்கு. ஞாயிறுதோறும் தென்காசியில் பஸ் ஏறி, சங்கரன்கோவிலில் மாறி, போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காப்பகத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று திங்கட்கிழமை காலைகளில் அவர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம் நான் காப்பகத்தில் இருந்தபோது அலிமாவிடமிருந்து போன் வந்தது.

"மைனி, இங்க திடீர்னு மழை. பரண்ல ஓட்டு வழியா ஒழுகுது."

"உறை?"

"நனையல. அதுக்குள்ள எடுத்துட்டேன். நீங்க பயப்படாதீய."

ஹஸீபா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். சங்கரன்கோவிலில் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. ஹஸீபா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். திருவேங்கடத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது; மண் வாடை தெரு முழுக்க நின்றது.

அலிமா வாசலிலேயே சிரித்த முகமாக நின்றாள். "கொஞ்சம் ஈரக்காத்து பட்டுருக்குமோன்னு நெனச்சேன் மைனி. அதான் காயட்டும்னு அடுப்புப் பக்கமா வெச்சேன்."

ஹஸீபா செருப்பைக் கழற்றாமல் அடுக்களைக்குள் போனார். அடுப்புத் திண்டில் குக்கர் விசில் அடங்கி உட்கார்ந்திருந்தது. அதன் பிடியில் சாய்த்து ஓர் உறை. மற்றொன்று கொஞ்சம் தள்ளி, மாவு டப்பாவின் மேல். குக்கர் பக்கம் இருந்ததை எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"அரைமணி. இல்ல, கறி வேகுத வரைக்கும். முக்கால் மணி இருக்கும்." அலிமாவின் முகம் மெல்ல மாறியது. "ஏன் மைனி, வைக்கக் கூடாதா?"

ஹஸீபா அந்த உறையின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டார். "நனைய விடாம எடுத்தே பாத்தியா, அதுவே பெருசு" என்றார். அலிமா காபி கொண்டுவந்தாள். ஹஸீபா இரண்டு மடக்குக் குடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் சங்கரன்கோவில் தாண்டிய பிறகு என்னிடம், "சூடு கண்டா கரு வெந்துரும்" என்று மட்டும் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே தென்காசி வரை வந்தார்.

செப்டம்பர் பதினேழாம் தேதி உமாதேவி பதிவேடுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார். பத்தே நிமிஷத்தில் கூப்பிட்டார். ஹஸீபா போய் நின்றார். திறந்து கிடந்த பக்கத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்க, ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

"எங்க?" உமாதேவியின் குரல் காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"பாதி ஃப்ரீசர்ல அடித்தட்டுல இருக்கு மேடம். பாதி திருவேங்கடத்துல, எங்க நாத்தனா வீட்டுப் பரண்ல."

"பரண்லயா?"

"தொண்ணுத்தாறு நாள் ஆச்சு. ஈரம் நாப்பதுல இருந்து அம்பதுக்குள்ள. ஒருநாள் மட்டும் மழை. அன்னைக்கு ஒரு உறை அடுப்புச் சூட்டுல முக்கால் மணி நேரம் இருந்துட்டு. அதுல கோடு போட்டு வெச்சிருக்கேன்."

உமாதேவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பதினோரு வருஷமாக ‘நீங்க’ என்று பேசியவர், "நீ என்ன செஞ்சிருக்கேன்னு தெரியுதா?" என்றார்.

"தெரியும் மேடம்."

"கையெழுத்தப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் போடல?"

"அழிக்கலையே மேடம். எப்பிடிப் போட?"

நான் அடுத்த அறையில் இருந்தேன். ஃப்ரீசரின் மோட்டார் ஓடி நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது.

"கொண்டு வா" என்றார் உமாதேவி. "தலைமை ஆபீஸ்ல இருந்து வர்றது அக்டோபர் இருபத்துநாலு. நானே ஈரத்துல வைக்கேன். வைத்தவர்ங்கிற எடத்துல எம்பேரு இருக்கட்டும்."

செப்டம்பர் இருபதாம் தேதி முப்பத்துநாலு விதைகளையும் நனைந்த தாள்மேல் கண்ணாடித் தட்டுகளில் பரப்பினார்கள். அடுப்புச் சூடு கண்ட பதினேழும் தனித் தட்டில். தட்டுகளை வெப்பம் மாறாத பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதன்பின் இருவரும் வேலை தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஹஸீபா பெட்டியைத் திறப்பார். உமாதேவி தன் இடத்தில் இருந்தபடியே தலையை உயர்த்துவார். ஹஸீபா இல்லை என்று தலையசைப்பார். அவ்வளவுதான்.

எட்டாம் நாள் கோடு போட்ட உறையின் தட்டில் பூசணம் வந்தது. மூன்று விதைகளின் மேல் சாம்பல் பஞ்சு. ஹஸீபா அவற்றை இடுக்கியால் எடுத்தார். நகத்தால் அழுத்தினார். கூழாகப் பிதுங்கியது. பன்னிரண்டாம் நாள் இன்னும் நாலு. பக்கத்து விதைகளுக்குப் பரவாமல் ஒவ்வொன்றையும் தனித் தாள்துண்டில் மாற்றிப் போடவே ஒரு காலை முழுதும் ஆனது. பதினைந்தாம் நாள் மேலும் மூன்று. அன்று மதியம் தம்மாமிலிருந்து போன் வந்தபோது ஹஸீபா எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. "என்னன்னு சொல்ல?" என்று போனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கவிழ்த்து வைத்தார்.

இருபது நாள். இருபத்தொன்று. மற்ற தட்டில் அழுகலும் இல்லை, முளையும் இல்லை. வடகிழக்குப் பருவத்தின் முதல் மேகம் வந்துவிட்டது. ஆய்வுக்கு வருகிறவர்கள் தங்குவதற்குக் குற்றாலத்தில் அறை எடுத்தாகிவிட்டது. இருபத்திரண்டாம் நாள் ஹஸீபா தன் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்து, தன்னுடைய பொருள்களை ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்தார். உமாதேவி அதைப் பார்த்தார்.

இருபத்துமூன்றாம் நாள் ஹஸீபா வர பத்து நிமிஷம் தாமதமானது. பஸ் கிடைக்கவில்லை. அவர் உள்ளே நுழைந்தபோது உமாதேவி பெட்டியைத் திறந்து, தட்டை லென்சுக்கு அடியில் வைத்துக் குனிந்திருந்தார்.

"ஹஸீபா, இங்க வாங்க."

ஹஸீபா கைப்பையோடு போய்க் குனிந்தார். நாலாவது விதையின் விளிம்பில் ஒரு வெள்ளை முனை. நூல் முடிச்சு அளவுகூட இல்லை. தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து விதைக்குத் தட்டை நகர்த்தினார். அதிலும் தோல் விரிசல் விட்டிருந்தது. "இன்னொண்ணு" என்றார். உமாதேவி தன் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

இருபத்துநாலாம் தேதிக்குள் நல்ல தட்டில் பதினேழுக்குப் பதினாலு முளைத்தன. சூடு கண்ட தட்டில் நாலு. ஆய்வுக்கு வந்த இருவர் தட்டுகளைப் பார்த்தார்கள், பதிவேட்டைப் பார்த்தார்கள், நெடுநேரம் கேள்வி கேட்டார்கள். உமாதேவி எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். ஹஸீபாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. உத்தரவை மீறியதற்கும், காப்பகத்து விதையை வெளியே கொண்டு போனதற்கும். அதே வாரம் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது: இனிமேல் காட்டு வள்ளி விதைகளைச் சேகரித்தவுடன் உறைய வைக்கக் கூடாது, காகித உறையில், உலர்ந்த அறையில் ஒரு கோடை கழித்த பிறகே ஃப்ரீசர். அதில் ஹஸீபாவின் பெயர் இல்லை. அவர் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு வைத்தார்.

அலிமா போனில் கேட்டாளாம். "நான் அடுப்புல வெச்சது மொளைச்சிச்சா மைனி?"

"மொளைச்சிருக்கு. நாலு" என்று சொல்லியிருக்கிறார். எத்தனைக்கு நாலு என்பதை அவளும் கேட்கவில்லை.

நவம்பரில் தங்கத்தாய் மலையிலிருந்து இறங்கி வந்தார். நானும் அன்று போயிருந்தேன். சின்னத் தொட்டிகளில் பதினெட்டுக் கன்றுகள். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இதய வடிவில் ஒரே ஓர் இலை. தங்கத்தாய் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, இலையைத் திருப்பி அடிப்பக்க நரம்பைத் தடவிப் பார்த்தார். கடைசித் தொட்டியில் நிமிர்ந்தார்.

"அதேதான்."

"இதுல பொட்டக்கொடி எத்தன இருக்கும்க்கா?" என்று கேட்டார் ஹஸீபா.

"அது பூத்தாத்தான் தெரியும். மூணு வருசம் ஆவும். பதினெட்டும் ஆணாக்கூட இருக்கலாம். சொல்ல முடியாது தாயி."

உமாதேவிக்கு அன்று நல்ல மனநிலை. "அதுக்கென்ன, ஃப்ரீசர்ல இன்னும் முப்பத்துநாலு இருக்கே" என்றார். "வழி தெரிஞ்சுபோச்சு. இந்தக் கோடைக்கு எல்லாத்தையும் வெளிய எடுத்துருவோம். ஒண்ணாவது பொண்ணு வராமலா போகும்?"

ஹஸீபா சரி என்று தலையாட்டினார். உமாதேவியும் தங்கத்தாயும் கன்றுகளை எந்த ஓடைக்கரையில் நடலாம் என்று பேசிக்கொண்டே முன்கட்டுக்குப் போனார்கள். ஹஸீபா ஃப்ரீசரைத் திறந்து அடித்தட்டில் இருந்த உறையை எடுத்து வந்தார். வெள்ளைத் தாளில் கொட்டி, கோழி இறகின் நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். இருபத்துநாலைக் கோடைக்கென்று இந்தப் பக்கம் ஒதுக்கினார். மீதிப் பத்தை இன்னோர் உறையில் போட்டு வாயை ஒட்டினார். யாரிடமும் கேட்காமல், முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டு அதை அடித்தட்டின் கடைசி மூலைக்குத் தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.